டிட் வீட்டுக்காரர்கள்

எங்கள் குடும்பப் பெயர் சான்சுசி. பிரெஞ்சில் அதற்குக் 'கவலை இல்லாதவன்' என்று பொருள். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒருவர்கூட ஓரிடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் சோற்றில் மோர் ஊற்றும்போதே கை கழுவ எழுந்துவிடுகிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

பெயர் வந்த கதை சிறியதுதான். காரைக்காலை வெள்ளைக்காரன் ஆண்டபோது, உங்கள் சாதி வழக்கத்தை விட்டு எங்கள் சட்டத்துக்கு வாருங்கள், வருகிறவர்கள் ஒரு குடும்பப் பெயரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். என் கொள்ளுத்தாத்தா சவரிமுத்து போய் நின்றார். எந்தக் குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்து அப்படி எழுதினானோ, வெளியே வரும்போது அவர் 'சவரிமுத்து என்கிற சான்சுசி' ஆகியிருந்தார். அவர் மகன் சூசை, என் தாத்தா, இளவயதிலேயே இலங்கைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். என் அப்பா அந்துவான் பிறந்தது அங்கேதான். தாத்தா செத்ததும் ஆறு வயதுப் பிள்ளையான அப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆத்தா, அதாவது என் பாட்டி, காரைக்கால் திரும்பினார். மூத்த மகன் இஞ்ஞாசி அதற்குள் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்துகொண்டிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். அதோடு கடிதப் போக்குவரத்தும் நின்றுபோனது.

இதையெல்லாம் தோண்ட வேண்டிய அவசியம் எனக்கு 2007இல் வந்தது. பிரெஞ்சுக்காரன் போகும்போது ஒரு வேடிக்கையான விதியை வைத்துவிட்டுப் போனான். எங்கள் ஊருக்குள் பிறந்தவன் எழுதிக் கேட்டால்தான் பிரெஞ்சுக் குடிமகன். வெளியே பிறந்து உள்ளே குடியிருந்தவனோ கேட்காமலேயே பிரெஞ்சுக் குடிமகன். அப்பா இலங்கையில் பிறந்தவர். அதை நிரூபித்தால் நானும் பிரெஞ்சுக்காரன், என் மகள் மிரேயும் பிரெஞ்சுக்காரி. அவளுக்குப் பத்தொன்பது வயது, அங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தூங்காமல் கிடந்தாள். அனுப்பிய கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. உங்கள் தகப்பனார் தோட்டத்தில் பிறந்தார் என்பதற்கும், அவருடைய தகப்பன் சான்சுசி வழியில் வந்தவர்தான் என்பதற்கும் மாதக் கடைசிக்குள் ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் கோப்பு மூடப்படும் என்று கடைசிக் கடிதம் சொன்னது. பத்திரம் பதியும் நோட்டேர் ஒருவரிடம் முப்பது வருடம் பிரெஞ்சுப் பத்திரம் தட்டச்சு செய்தவன் நான். அந்தக் கடிதத்தின் தொனி எனக்குப் புரிந்தது. நாலு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிய காலையே கொழும்பு போய் பலாங்கொடை பஸ்ஸில் ஏறினேன். போர் நடந்துகொண்டிருந்த நேரம், நகரத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை எல்லோரையும் இறக்கி நடக்க வைத்தார்கள். ஆணுக்கொரு வரிசை, பெண்ணுக்கொரு வரிசை, கையில் அடையாள அட்டை. ஒரு சிப்பாய் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நம மொகக்த?" என்றான். பேர் கேட்கிறான் என்றார் பின்னால் நின்றவர். சொன்னேன். அவன் சொல்லிப் பார்த்துவிட்டுத் தோழனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். "இருமல் மருந்துப் பேரு மாதிரி இருக்காம்," என்றார் பின்னால் நின்றவர். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வரிசையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் அட்டையை இரண்டு பேர் மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் அவளுக்காகக் கால் மணி நேரம் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அவிசாவளை தாண்டியதும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை கட்டியிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. எனக்கு முன்னால் இரண்டு சிங்களப் பெண்கள் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னதான் பேசுகிறார்கள் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டேன். "பலாக்காயில கொழம்பு வெக்கிறப்ப தேங்காயோட மொதப் பாலு எப்ப ஊத்துறதுன்னு சண்டை. இரத்தினபுரி வரைக்கும் போவும் இது," என்றார். போனது.

பெல்மதுளையில் பஸ் நின்றபோது என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இறங்கி ஒரு ப்ளேன்டீ வாங்கினேன். காரைக்காலில் டீ என்றால் பால், இங்கே பாலைக் கேட்டால்தான் கொடுக்கிறார்கள். இரண்டாவது வாய்க்குள் பஸ் போய்விட்டது. என் பையோடு, பைக்குள் இருந்த கோப்போடு. அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு ஓப்பநாயக்க போய்ச் சேரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. அங்கே பஸ் ஹால்ட்டுக்கு எதிர்க் கடையில் பை பத்திரமாக இருந்தது. கடைக்காரர் சொன்னார்: "கொண்டக்டர் குடுத்துட்டுப் போனான். உக்கார மாட்டாத ஒரு ஆள் வருவாரு, அவர்ட்ட குடுங்கன்னான்."

தோட்டம் எதுவென்று எனக்குத் தெரியாது. ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு ஆற்றோரத் தோட்டம் என்று அப்பா சொல்லுவார், அவ்வளவுதான். த்ரீவீல் ஓட்டுகிறவரிடம் அதைச் சொன்னபோது, "இங்க எல்லாத் தோட்டமும் ஆத்தோரந்தாங்க," என்றார். அந்தோணியார் கோயில் உள்ள தோட்டம் என்றதும் மட்டும் சாவியைத் திருகினார். அப்பாவுக்கு அந்துவான் என்று பேர் வைத்தது அந்த அந்தோணியாரை நினைத்துத்தான் என்று ஆத்தா சொல்லியிருந்தார்.

கோயில் சிறியது, தகரக் கூரை. சாமியார் இரத்தினபுரி போயிருந்தார். உபதேசியார் பிலிப்பு, ஐம்பது வயதுக்காரர், ஞானஸ்நானப் பதிவேட்டைச் சாமியார் அனுமதி இல்லாமல் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டு, என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். தேங்காய்ப்பூ போட்டுத் தடிமனாகச் சுட்ட ரொட்டியும் கட்டசம்பலும் கொடுத்தார்கள். சம்பல் உறைப்பில் எனக்குக் காது அடைத்தது. சான்சுசி குடும்பம் என்று யாராவது உண்டா என்று அந்த வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரையும் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்பிடி ஒரு பேரு இந்தப் பக்கமே கெடையாதுங்க. கொடகவெல பக்கம் கேட்டுப் பாருங்க," என்றார் ஒரு பெண். படுத்தேன், ஆனால் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை சாமியார் தொலைபேசியில் சரி என்று சொல்ல, பிலிப்பு பெட்டியைத் திறந்தார். ஓரம் பொடிந்த பதிவேடு, எழுத்து லத்தீன். அப்பாவின் பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் தள்ளி ஒரு வரி. அந்தோனியுஸ். தாயார் பெயர் சரி. ஞானத்தாய் பெயர்கூட ஆத்தா சொன்னதுதான். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் 'சூசை டிட்' என்று இருந்தது.

நான் கோயில் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். "இது பேரே இல்லீங்க!"

"என்னங்க பேரில்ல? டிட் ஆளுங்களா நீங்க?" பிலிப்பு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கீழ் டிவிசன்ல இருக்காங்களே! மொதல்லயே சொல்லக் கூடாதா? சாஞ்சூசின்னு கேட்டா யாருக்குத் தெரியும்?"

விஷயம் இதுதான். ஒருவனுக்கு இரண்டு பெயர் இருந்தால் பிரெஞ்சுப் பத்திரத்தில் நடுவே ஒரு சின்னச் சொல் வரும். டி, ஐ, டி என்று மூன்றே எழுத்து. பிரெஞ்சுக்காரன் அதைத் 'தி' என்பான். தமிழ்ப் பத்திரத்தில் அதுதான் 'என்கிற'. நானே ஆயிரம் தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். இங்கிலீஷ் மட்டும் படித்த ஒரு தோட்டத்துக் கிளாக்கர் அதை 'டிட்' என்று வாசித்து, அதையே குடும்பப் பெயராக்கிவிட்டார். சவரிமுத்து போய்விட்டார், சான்சுசியும் போய்விட்டார், நடுவில் நின்ற 'என்கிற' மட்டும் கரையேறியிருக்கிறது.

கீழ் டிவிசனுக்கு ரப்பர் மலை வழியாக இறங்கினோம். இந்த ஊரில் இரண்டு அட்டை. ஒன்று நம் காலைப் பிடிக்கும், இன்னொன்று கையில் இல்லாவிட்டால் நம்மையே பிடித்துக்கொண்டு போவார்கள். முதலாவது என் காலில் ஐந்து ஏறியிருந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் உட்கார்ந்து ரப்பர் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அப்பாவின் நெற்றி, அப்பாவின் புருவம். பிலிப்புதான் நான் யாரென்று சொன்னார்.

அவர் மரியதாஸ், என் பெரியப்பா இஞ்ஞாசியின் மகன். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. எனக்கு அண்ணன். அவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "ஏய் புஷ்பம், நம்ம அந்தோணி சித்தப்பா மகன் வந்திருக்குடி, இந்தியாவுல இருந்து!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்து, முதலில் உப்பைக் கொண்டுவந்து என் காலில் இருந்த அட்டைகளை உதிர்த்தார். பிறகுதான் ஸ்தோத்திரம் சொன்னார். அப்பா பெயர் அந்த வீட்டில் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் பெயர் எங்கள் வீட்டில் ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவித்த மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. அண்ணன் ஒரு பிஸ்கட் தகரத்தைத் திறந்து பழைய காகிதம் ஒன்றை எடுத்தார். தாத்தா கொண்டுவந்த பிரெஞ்சுப் பத்திரம். முதல் வரி 'சவரிமுத்து டிட்' என்பதோடு முடிகிறது. அடுத்த வரி இருந்த இடம் முழுக்கக் கறையான் தின்ற ஓட்டை. சான்சுசி அந்த ஓட்டைக்குள் இருந்தார்.

"டிட்டுன்னா யாருன்னு நெனைக்கிறீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"ஒரு தொரை பேரு. டிட் தொரை. அவருதான் நம்ம பாட்டனுக்கு மொத மொத பேர் பதிஞ்சி குடுத்தாராம். சிங்கள ஆளுங்ககூட நம்மள டிட் மாத்தியான்னு மரியாதையாத்தான் கூப்புடுவாங்க."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. அப்படி ஒரு துரையே இல்லை, அதற்கு 'என்கிற' என்றுதான் பொருள் என்று போட்டு உடைத்தேன். அண்ணன் கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டார். அண்ணிக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. "நாப்பது வருசமா தொரை பேரு தொரை பேருன்னு என்னைய மெரட்டுனாரு. கடைசியில என்கிறவா? சரி, இனிமே நான் புஷ்பம் என்கிற!"

"புஷ்பம் டிட் லெச்சுமி," என்று திருத்தினார் அண்ணன், விடாமல். அப்போதுதான் நான் கவனித்தேன். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. முதலில் கோயில் பேர், கடைசியில் வீட்டுப் பேர், நடுவே டிட். மரியதாஸ் டிட் ராஜு. மருமகளாக வந்தாலும் ஒரு வீட்டுப் பேர் வைத்து நடுவில் டிட் போடுவார்கள். நடுவில் டிட் வந்தால்தான் நம்ம ஆள் என்று பெரியப்பா சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு பிரெஞ்சு நோட்டேர் பார்த்தால் ஒரு பிழை சொல்ல மாட்டார். சொல்லை எந்த இடத்தில் வைக்க வேண்டுமோ, பொருள் தெரியாமலே மூன்று தலைமுறையாக அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஊரில் பத்திரம் அடித்துக்கொண்டிருந்த நாங்கள்தான் அந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டோம்.

இருந்தாலும் நான் வந்த காரியம் வேறு. சூசை டிட் என்பவரும் சூசை சான்சுசியும் ஒரே ஆள், டிட் என்று பதிந்தது பிழை என்று அண்ணன் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் என் கோப்பு முழுமையாகிவிடும். கேட்டேன். "அதுக்கென்ன, தம்பி கடல் தாண்டி வந்து கேக்குது. குடுத்துட்டாப் போச்சி," என்றார் அண்ணன் உடனே. அண்ணி சிரிப்பதை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

அன்று மாலை அவர்கள் மகள் ரோஸ்மேரி கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். இருபத்திரண்டு வயதிருக்கும். என்னைச் சித்தப்பா என்று கூப்பிட ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மிரேயின் படத்தைக் காட்டினேன். "தங்கச்சிக்கு நம்ம மூக்கு," என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினாள். ரோஸ்மேரி டிட் செல்வி. "ரெண்டு வருசத்துக்கு முந்தி அட்டையில டிட்டுன்னு இருந்திச்சி, பொறப்புச் சட்டிபிக்கட்டுல டிட்டுங்கறதுக்குப் பதிலா டிடுன்னு இருந்திச்சி சித்தப்பா. ஒரு எழுத்துதான். நான் தங்கியிருக்கற போர்டிங்குல செக் பண்ண வந்த பொலிசுக்காரங்க, ரெண்டுல எது நீன்னு கேட்டு ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு பகல் முழுக்க பெஞ்சில உக்கார வச்சிருந்தாங்க. பெறகு அப்பா எட்டுத் தடவை இரத்தினபுரிக்கு நடந்துதான் எல்லாத்தையும் ஒண்ணாக்குனாரு." இதைக் குறையாகச் சொல்லவில்லை, பலாக்காய்க் குழம்பைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு, "தங்கச்சி படிக்கணும்ல. அப்பா கையெழுத்துப் போடட்டும்," என்றாள்.

மூன்றாம் நாள் காலை சத்தியக் கடதாசிக்கு முத்திரை வைக்கிற, டவுனில் இருந்த சமாதான நீதவானைப் பார்க்கப் போனோம், நான், அண்ணன், ரோஸ்மேரி. ஓய்வு பெற்ற சிங்களப் பள்ளி ஆசிரியர் அவர். தமிழ் நன்றாகவே பேசினார். நான் இங்கிலீஷில் எழுதிக் கொண்டுபோனதை அவரே டைப் அடித்து, அண்ணனுக்காகத் தமிழில் வாசித்தார். டிட் என்பது எங்கள் குடும்பப் பெயர் அல்ல, அது பதிவில் நேர்ந்த பிழை என்ற இடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எழுதினா எழுதினதுதான், டிட் மாத்தியா. ஒரு பிரதி எங்கிட்ட இருக்கும். நாளைக்கு யாரும் வந்து கேட்டா நான் இல்லன்னு சொல்ல ஏலாது. அப்பாட பேரு பிழைன்னா, துவட ஐடென்டிட்டியும் பிழைதானே?"

துவ என்றால் மகள் என்று எனக்கு அப்போது யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் ரோஸ்மேரியைப் பார்த்தார். அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். "கமக் நெஹே மாத்தியா," என்றார் அண்ணன். பரவாயில்லை என்று பொருள். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அவர் கை பால்வெட்டுக்காரர் கை, பேனாவையும் கத்தி பிடிப்பது போலத்தான் பிடித்தார்.

நான் பெரிய மனிதன் ஒன்றும் இல்லை. அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியது, சீக்கிரம் போடுங்கள் அண்ணே என்பதுதான். பதினொன்றரை பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் கொழும்பு. மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள். கையெழுத்தில் முதல் எழுத்து விழுந்துவிட்டது. ம. அடுத்த எழுத்துக்கு முன்னால் அவர் ஒருமுறை நிறுத்தி, "ராஜுன்னும் போடணுமா தம்பி? நடுவுல டிட்டு போடலாமா, கூடாதா?" என்று என்னையே கேட்டார்.

என்ன பதில் சொல்வது? போடுங்கள் என்றால் கடதாசி பொய். போடாதீர்கள் என்றால் அவர் பெயரை அவரிடமிருந்தே நான் பிடுங்குகிறேன். நான் காகிதத்தின் மேல் கையை வைத்துவிட்டேன். "வேணாம்ண்ணே," என்றேன். அண்ணன் பேனாவை மூடினார். ரோஸ்மேரி என் சட்டைக் கையைப் பிடித்தவள், தெருவுக்கு வரும்வரை விடவில்லை.

பதினொன்றரை பஸ் போயேவிட்டது. ஹால்ட் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கடையில் நுழைந்து காரைக்காலுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே மிரேய் எடுத்தாள்.

"கெடச்சிதாப்பா?"

"இல்லம்மா."

"ஆளுங்களே இல்லையா?"

"இருக்காங்க. ஒனக்கு ஒரு பெரியப்பா இருக்காரு, ஒரு அக்கா இருக்கா. நல்லா இருக்காங்க." ரோஸ்மேரியின் அட்டை, பெஞ்சு, ஒரு பகல், கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"முந்தாநாள் வரைக்கும் அவங்க பேருகூட ஒங்களுக்குத் தெரியாது," என்றாள் கடைசியில்.

"தெரியாதும்மா."

"அப்ப நானு?"

ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே அண்ணனும் ரோஸ்மேரியும் எனக்கு ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு, ஆறிவிடாமல் இருக்க மேலே தட்டால் மூடிப் பிடித்தபடி காத்திருந்தார்கள். மிரேயும் வைக்கவில்லை. அவள் அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது.